உபரியாக ஒரு லினக்ஸ்

மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்தேன். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். அங்கே என்னோடு இருந்தவர்கள் பலர் இப்போதும் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு நலமாக இருக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு சோதனைச் சாவடி. யுத்தத்தின் கடைசி வருடங்கள். என் அப்பா வடக்கிலிருந்து தபால் கந்தோர் வேலைக்கு மாத்தளைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். என் பதவிக்கு முகாமைத்துவ உதவியாளர் என்று பெயர். கிளார்க் என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். அந்த அலுவலகத்தில் தமிழ் எழுதவும் வாசிக்கவும் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அதனால் எனக்குக் கூடுதல் வேலை இருந்ததாக நினைக்க வேண்டாம். மாதா மாதம் கொழும்பிலிருந்து ஒரு படிவம் வரும். இம்மாதம் தமிழில் எத்தனை கடிதங்கள் அனுப்பப்பட்டன என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். எங்கள் பிரதம லிகிதர், அதாவது தலைமைக் கிளார்க், அதில் ‘தேவை ஏற்படவில்லை’ என்று எழுதி அனுப்புவார். ஒவ்வொரு மாதமும் எழுதிக் கை வலித்ததால் அந்த வாசகத்துக்கு ஒரு றப்பர் முத்திரையே செய்து வைத்திருந்தார். அலுவலக வாசலில் வாங்குகளில் உட்கார்ந்து காத்திருப்பவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களைத் தாண்டித்தான் அவர் தினமும் உள்ளே வருவார்.

ஒரு மாதம் கொழும்பிலிருந்து கடுமையான கடிதம் வந்தது. இனிமேல் அந்தக் கட்டத்தில் வாசகம் எதுவும் ஏற்கப்பட மாட்டாது, எண் மட்டுமே எழுதப்பட வேண்டும். பிரதம லிகிதர் என்னைக் கூப்பிட்டார். எங்களுக்குள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

“மிஸ், எனக்கு ஒரு இலக்கம் வேணும்.”

“என்ன இலக்கம் சேர்?”

“தமிழ்க் கடிதம். மாசத்துக்கு நாலஞ்சு இருந்தா போதும். பூச்சியம் போட முடியாது, அசிங்கம். கையால எழுதினதும் சரிவராதாம், டைப் பண்ணியிருக்கணுமாம்.”

எங்களுடைய தமிழ்த் தட்டச்சு இயந்திரம் திருத்துவதற்காகக் கண்டிக்குப் போயிருந்தது. அது போனபோது இருந்த பியோன் பென்ஷனில் போய், அவருக்குப் பிறகு வந்தவரும் மாற்றலாகிப் போய்விட்டார். மிச்சம் இருந்தது கணினி.

அந்தக் கணினி ஒரு வெளிநாட்டுத் திட்டத்தின் கீழ் அன்பளிப்பாக வந்தது. அதற்கென்று தனி அறை, தனித் திரைச்சீலை, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்ற பலகை. அதில் லினக்ஸ் போடப்பட்டிருந்தது, இலவசம் என்பதால். திட்டத்திலிருந்து வந்த நிபுணர் ஒரு நாள் இருந்து எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சீகிரியா பார்க்கப் போனவர், திரும்பி வரவில்லை. ஆங்கிலமும் சிங்களமும் அதில் ஒழுங்காக வேலை செய்தன. தமிழ் மட்டும் உடைந்து உடைந்து வந்தது. ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஓரிடம், ‘க’ ஓரிடம், கால் அடுத்த வரியில் நிற்கும். அந்தப் பழைய லினக்ஸுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. புதியது போட்டால் சரியாகிவிடும்.

புதியது போட அனுமதி கேட்டு எழுதினோம். பதில் வந்தது: பணிசெயல் முறைமை, அதாவது லினக்ஸ் மாதிரிக் கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருள், திட்டத்தின் சொத்து. அதை அகற்றவோ மாற்றவோ கூடாது. எங்கள் பொருட் பதிவேட்டிலும் அது இரண்டு பொருளாகத்தான் இருந்தது: கணினி ஒன்று, பணிசெயல் முறைமை ஒன்று.

அது போதாதென்று சீடி போடுகிற தட்டுக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். பாதுகாப்பு ஆலோசனைக்கு வந்த ஒருவர், இதன் வழியாகத்தான் தகவல்கள் வெளியே போகும் என்று சொல்லி, மெழுகுதிரி கொளுத்தி, தன் கையாலேயே முத்திரை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பக்கத்தில் இருந்த பென்டிரைவ் துவாரங்கள் எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் என்னோடு படித்த ஒருவன் கொமியுனிகேஷன் கடை வைத்திருந்தான். போன், பெக்ஸ், போட்டோக் கொப்பி, இரண்டு இண்டர்நெட் கணினிகள். சனிக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்பியூட்டர் வகுப்புக்குப் போனவர்கள். அவன் அதைத் தொழிலாக்கிக்கொண்டான், நான் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டேன். அவனிடம் போய் நிலைமையைச் சொன்னேன்.

“பழசை அழிக்கக் கூடாது, சீடி போட முடியாது. பென்டிரைவ்ல இருந்து அந்த மெசின் எழும்பாது, அவ்வளவு பழசு. என்னடா செய்றது?”

“எழும்பி இருக்கிறது ஒண்ணு இருக்குதானே? அதுக்குள்ள இருந்தே மற்றதை இறக்கு.”

“ஓடிக்கிட்டு இருக்கிறப்பவா?”

“ஓடிக்கிட்டு இருக்கிறப்பத்தான். டிஸ்க்ல சும்மா கிடக்கிற பகுதி இருக்கா?”

இருந்தது. நிபுணர் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் லினக்ஸைப் போட்டுவிட்டு, மற்றதை ‘எதிர்காலத் தேவைக்கு’ என்று வெறுமையாக விட்டிருந்தார்.

அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்ப நீ எதையும் அகற்றவும் இல்ல, மாத்தவும் இல்ல. சேர்க்கக் கூடாதுன்னு கடிதத்துல இருக்கா?”

நான் கடிதத்தை எடுத்து இன்னொரு முறை வாசித்தேன். இல்லை.

தேவையான மென்பொருள் பொதிகளை எல்லாம் அவன் நாலைந்து நாள் எடுத்துத் தரவிறக்கி ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்தான். செய்முறையைப் பதினொரு பக்கத்தில் அச்செடுத்தும் தந்தான். மறுநாள் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு பெண் சிப்பாய் என் கைப்பையைக் கிளறி அந்தப் பென்டிரைவை எடுத்தாள், மூடியைக் கழற்றினாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லிப்ஸ்டிக் என்று நினைத்திருக்க வேண்டும். “நிறம் எங்கே?” என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். பதினொரு பக்கத்தையும் அவள் தொடவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததால் அரசாங்கக் காகிதம் என்று நினைத்திருப்பாள்.

கணினியில் இப்படியான மாற்றம் செய்ய முதன்மைக் கடவுச்சொல் வேண்டும். அது மிக இரகசியமானது என்று நிபுணர் சொல்லியிருந்தார். தேடிப் பார்த்தபோது, கணினியைக் கையளித்த கடிதத்தின் மூன்றாம் இணைப்பில் அது தட்டச்சாகி, ஏழு அலுவலகங்களுக்குப் பிரதி போயிருந்தது.

முதல் நாள் மதிய இடைவேளையில் தொடங்கினேன். வெறுமையான பகுதியை ஒழுங்குபடுத்தி, பென்டிரைவைச் செருகி, புதிய லினக்ஸின் அடிப்படைப் பொதிகளை அதற்குள் விரிக்கச் சொன்னேன். திரையில் கறுப்புப் பெட்டி ஒன்றில் வெள்ளை வரிகள் ஓடத் தொடங்கின. அந்த நேரம் பார்த்துப் பிரதம லிகிதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சாப்பிட்டபின் அரை மணி நேரம் கணினியில் சீட்டு விளையாடுவது அவர் வழக்கம். நான் அதை மறந்துபோயிருந்தேன்.

“வேலையா மிஸ்?”

“இல்ல சேர், நீங்க இருங்க.”

கறுப்புப் பெட்டியைச் சுருக்கிக் கீழே தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் உட்கார்ந்து சீட்டுகளைப் பரப்பினார். அவருடைய ராணியும் ராஜாவும் இடம் மாறிக்கொண்டிருக்க, அதே டிஸ்க்கின் மறுபாதியில் இன்னொரு லினக்ஸ் பொதி பொதியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்து மேசையில் கோவை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே பக்கத்தை நாலு முறை வாசித்தேன்.

“இண்டைக்கு மெசின் கொஞ்சம் சோம்பல்,” என்றார்.

“வெயில் சேர்.”

“ம். எனக்கும் அப்படித்தான் இருக்கு.”

இப்படி மூன்று நாள். இரண்டாம் நாள் புதியதுக்குள் நுழைந்தேன். அதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை அடித்தால், பழைய லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த ஒரு பெட்டி மட்டும் புதிய பகுதியைத்தான் முழு டிஸ்க் என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே இருந்தபடி தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை, அச்சு இயந்திரத்துக்கு வேண்டியது, எழுதுவதற்கான மென்பொருள் எல்லாவற்றையும் போட்டேன். மூன்றாம் நாள், கணினி எழும்பும்போது திரையில் காட்டுகிற சிறு பட்டியலைத் திறந்து, அதுவரை ஒரு வரி இருந்த இடத்தில் இரண்டாவது வரியைச் சேர்த்தேன்.

கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். பட்டியலில் இரண்டு வரி. இரண்டாவதைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினேன். அப்படி ஒரு பகுதி டிஸ்க்கில் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. முதல் வரியை அழுத்தினேன். பழையது ஒன்றும் நடக்காததுபோல் எழும்பி, பிரதம லிகிதரின் சீட்டாட்டத்தோடு வந்து நின்றது.

பதினொரு பக்கத்தையும் திரும்பப் படித்தேன். லினக்ஸ் டிஸ்க்கின் பகுதிகளை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. அந்தத் தொடக்கப் பட்டியலோ பூச்சியத்திலிருந்து எண்ணுகிறது. நான் இரண்டு என்று எழுதிய இடத்தில் ஒன்று என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே டிஸ்க்கை ஒரே மெசினுக்குள் இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். அரசாங்கத்தில் இத்தனை காலம் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

திருத்திவிட்டுப் போட்டபோது புதியது எழும்பியது, முழுக்க முழுக்கத் தமிழில். எனக்குக் கண் கலங்கியது என்று எழுத ஆசைதான். உண்மையில் நடந்தது, அதில் எழுதியிருந்தது எனக்குப் பாதி விளங்கவில்லை. நாங்கள் கோவை என்பதை அது கோப்பு என்றது. ‘தொகு’, ‘செருகு’, ‘காண்’ என்று வரிசையாக உத்தரவு போட்டது. அச்சிடுவது எங்கே என்று கண்டுபிடிக்க, அருகில் ஒரு காகிதத்தில் ஆங்கிலப் பெயர்களை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் ‘கொ’ என்று அடித்தால் ‘கொ’ வந்தது. கொம்பும் காலும் தங்கள் தங்கள் இடத்தில் நின்றன.

முதல் கடிதம் யட்டவத்தப் பக்கத்தில் மிளகுத் தோட்டம் வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானாவுக்கு. அவருடைய வாப்பா பேரில் இருந்த காணி அனுமதிப்பத்திரத்தைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டு மூன்று வருடமாக வந்துபோய்க்கொண்டிருந்தார். சிங்களம் சரளமாகப் பேசுவார், வாசிக்க வராது. அலுவலகம் அனுப்புகிற கடிதங்களைச் சந்திக் கடைக்காரர் வாசித்துச் சொல்வாராம். நான் புதிய லினக்ஸில் தமிழில் அடித்து, அச்சிட்டு, எங்கள் தலைமை அதிகாரி மேடத்திடம் ஒப்பத்துக்குக் கொண்டுபோனேன். அவர் காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எனக்கு வாசிக்கத் தெரியாததுல எப்படி நான் ஒப்பம் வைக்கிறது?”

வாசலில் இருக்கிறவர்கள் இத்தனை காலமும் அப்படித்தான் ஒப்பம் வைக்கிறார்கள் மேடம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சிங்களப் பிரதியை இணைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். இணைத்ததும் ஒப்பம் வைத்தார்.

நானா வாங்கில் இருந்து அந்தக் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். நீண்ட நேரம் எடுத்தது. பிறகு எழுந்து என் மேசைக்கு வந்தார்.

“மிஸ், ‘நிராகரிக்கப்பட்டுள்ளது’ன்னா, இல்லைன்னு சொன்ன மாதிரியா?”

“ஆமா நானா.”

“இப்பவா சொல்றாங்க?”

கோவையைப் புரட்டினேன். “முதல் கடிதத்துலயே சொல்லியிருக்கு நானா. உங்க கூடப்பிறந்த ராத்தாமாருக்கு ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக் குடுத்தா திரும்பப் பார்க்கலாம்னும் போட்டிருக்கு.”

“கடைக்காரர் சொன்னாரு, ‘பாத்துக்கிட்டு இருக்காங்க, ஒண்ணும் யோசிக்காதே’ன்னு.” தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். “அவருக்கும் வாசிக்கத் தெரியல போல. மூணு வருஷம் நிம்மதியா இருந்தேன் மிஸ். இப்பத்தான் வெளங்குது.”

அடுத்த வாரமே ராத்தாமார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்து கைநாட்டு வைக்க வைத்தார். அவருடைய விண்ணப்பம் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றது. ஆனால் இந்தமுறை எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.

அவர் போய்ச் சொன்னதும் மற்றவர்களும் தங்கள் கடிதங்களைத் தமிழில் கேட்டு வரத் தொடங்கினார்கள். தங்களுக்கு என்ன மறுக்கப்பட்டது என்று எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். வாசலில் சத்தம் கூடியது. பிரதம லிகிதர் அந்த மாதப் படிவத்தில் முதல்முறையாக எண் எழுதினார். கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, சிங்களத்தில். அவரும் புதிய லினக்ஸுக்கு மாறிவிட்டார், அதில் சீட்டுகள் பெரிதாக, அழகாக இருந்தன என்பதால். ‘புதிய ஆட்டம்’ என்ற இரண்டு சொற்களை அவர் தமிழில் வாசிப்பார். இருபத்தெட்டு வருட அரசாங்க சேவையில் அவர் கற்ற தமிழ் அவ்வளவுதான்.

வருடக் கடைசியில் பொருட் கணக்கெடுப்புக்காக வேறொரு அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கதிரைகள், மேசைகள், காகிதம் துளைக்கும் கருவி, உடைந்த மின்விசிறி எல்லாவற்றையும் எண்ணிவிட்டுக் கணினி அறைக்கு வந்தார்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்களின் தலைவர் தானே அதைப் போட்டார். பட்டியலில் இரண்டு வரி வந்தது. பதிவேட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

“புத்தகத்துல பணிசெயல் முறைமை ஒண்ணு. இங்க ரெண்டு இருக்கு.”

“மற்றது நான் போட்டது சேர். தமிழ்க் கடிதத்துக்கு. பழசுல கை வைக்கல்ல, பாருங்க, அப்படியே இருக்கு.”

“பற்றுச்சீட்டு எங்க?”

“இது இலவசம் சேர்.”

“இலவசம்னா அன்பளிப்பு. அன்பளிப்பை ஏற்க அனுமதிக் கடிதம் வேணும். அது எங்க?”

இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

“மிஸ், ஒரு சாமான் குறைஞ்சா பிரச்சினை இல்ல. யாரோ எடுத்துட்டாங்கன்னு எழுதிட்டுப் போயிடலாம். கூடினாத்தான் கஷ்டம். யாரோ வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு எழுதணும். இந்தக் காலத்துல யாரோ ஒண்ணை வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு எழுத முடியுமா?”

ஆனாலும் எழுதினார், கடமை. அரசாங்கக் கணினிக்குள் அடையாளம் காணப்படாத ஒரு தமிழ் முறைமை உபரியாக உள்ளது. பிரதிகள் பல இடங்களுக்குப் போயின. அதில் ஒன்று பொலிசுக்கு.

வீட்டில் அதைச் சொன்னபோது என் கணவர் அலுமாரியைத் திறந்து எங்கள் கலியாணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ்கள், கிராம சேவகர் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து ஓர் உறையில் போட்டார். கூடவே ஒரு துவாயும் மாற்று உடுப்பும் மடித்து என் கைப்பைக்குள் வைத்தார். நான் வேண்டாம் என்றேன். “இருக்கட்டும்,” என்றார். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வாரம் வேலைக்குப் போனேன். சாவடியில் அதைத் திறந்து பார்த்தவர்கள், பயணம் போகிறீர்களா என்று கேட்டார்கள்.

பொலிசிலிருந்து சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கேட்டார், மற்றவர் எழுதினார். மேடத்துக்கு அன்று கண்டியில் கூட்டம் இருந்தது. பிரதம லிகிதர் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கதவருகில் நின்றார்.

“இந்த மெசினுக்குள்ள இன்னொண்ணை ஒளிச்சு வச்சிருக்கீங்களாமே?”

“ஒளிக்கல்ல சேர். போட்ட உடனே திரையில பேர் வருது.”

“ஒண்ணு ஓடுறப்ப மற்றது என்ன செய்யும்?”

“தூங்கும்.”

எழுதுகிறவர் எழுதினார். அவருடைய கொப்பியில் அந்தச் சொல்லைத் தலைகீழாகப் பார்த்தபோதுதான், தூங்குவது ஒருநாள் எழும்பும் என்று எனக்குப் பட்டது. “தூங்காது சேர். ஓடாம இருக்கும், அவ்வளவுதான்,” என்றேன். அவர் அதை வெட்டி, வெட்டிய இடத்தில் என்னைச் சுருக்கொப்பம் வைக்கச் சொன்னார்.

“யார் தந்தது?”

“யாரும் தரல்ல. எல்லா நாட்டுலயும் இருக்கிற ஆட்கள் சேர்ந்து சும்மா செய்றது.”

சொல்லி முடித்தபோதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. கேட்டவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்: “எல்லா நாட்டுலயும் இருக்கிற ஆட்கள். சும்மா.” எழுதினவர் அதன்கீழ் கோடு போட்டார்.

“இதை உள்ள போடறப்ப கூட யார் இருந்தது?”

கதவருகில் இருந்து பிரதம லிகிதர் சொன்னார்: “நான் இருந்தேன்.”

அவர்கள் திரும்பினார்கள். நானும்தான்.

“மூணு நாளும் அந்தக் கதிரையில உட்கார்ந்திருந்தது நான்தான். என் கண்ணுக்கு முன்னாலதான் எல்லாம் நடந்தது. வேற யாரும் வரவும் இல்ல, ஒண்ணும் வெளியில போகவும் இல்ல.”

“உட்கார்ந்து என்ன செஞ்சீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “மேற்பார்வை,” என்றார்.

அது கொப்பியில் ஏறியது. சிரேஷ்ட அதிகாரி ஒருவரின் நேரடி மேற்பார்வையில் செய்யப்பட்டது என்று ஆனபிறகு அவர்களுக்குக் கேட்க அதிகம் இருக்கவில்லை. தேநீரைக் குடித்தார்கள். போகும்போது கேள்வி கேட்டவர் தன் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். யாரோ தமிழில் எழுதிய முறைப்பாடு. ஸ்டேஷனில் யாருக்கும் வாசிக்கத் தெரியாமல் அது இரண்டு மாதமாகக் கிடந்ததாம். வாசித்துச் சொன்னேன். மாடு காணாமல்போன முறைப்பாடு. அவருக்கு ஏமாற்றமாக இருந்ததோ ஆறுதலாக இருந்ததோ தெரியவில்லை.

அவர்கள் போனபின் பிரதம லிகிதருக்கு நன்றி சொன்னேன். “எதுக்கு?” என்றார். “நான் உண்மையைத்தானே சொன்னேன். ஆனா மிஸ், அண்டைக்கு மெசின் சோம்பலா இருந்தது வெயிலாலதானே?”

“இல்ல சேர்.”

“அதுதானே பார்த்தேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சில மாதங்களில் முடிவு வந்தது. உபரிப் பொருளைப் பதிவேட்டில் ஏற்று, தனி இலக்கம் கொடுத்து, அந்த இலக்கத்தைப் பொருளின் மேல் தெளிவாகத் தெரியும்படி எழுத வேண்டும். லினக்ஸின் மேல் பெயின்ட் அடிக்க முடியாது என்று பிரதம லிகிதருக்கு விளக்கினேன். அவருக்கு விளங்கியது, கடிதத்துக்கு விளங்கவில்லை. கடைசியில் பியோன் ஒரு மெல்லிய தூரிகையால், கணினிப் பெட்டியின் பக்கத்தில் இருந்த பழைய இலக்கத்துக்குக் கீழே புதிய இலக்கத்தை எழுதினார். பதிவேட்டில் அதற்குரிய பக்கம் நிரம்பியிருந்ததால் பிரதம லிகிதர் அதைக் கணினிகளின் பக்கத்திலேயே பதிந்தார். மறுவருடம் அவர் ஓய்வு பெற்றுக் கலேவெலவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வருடக் கணக்கெடுப்புக்கு வேறு மூன்று பேர் வந்தார்கள். பதிவேட்டில் கணினி இரண்டு. அறையில் பெட்டி ஒன்று.

“ரெண்டாவது எங்க மிஸ்?”

“உள்ள இருக்கு சேர்.”

அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள். கணினியைப் போட்டு இரண்டு வரியையும் காட்டினேன், பெட்டியில் இரண்டு இலக்கத்தையும் காட்டினேன், முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணினி ஒன்று காணாமல் போயுள்ளது என்று எழுதினார்கள். அப்போதைய பொறுப்பாளர் நான். விளக்கம் கேட்டார்கள், எழுதினேன். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் எழுதினேன். மூன்றாவது முறை மேடம் என்னைக் கூப்பிட்டு, என் விளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, தானே ஒரு வரி எழுதினார்: நாட்டில் நிலவிய அசாதாரண சூழ்நிலை காரணமாக மேற்படி பொருள் காணாமற் போயுள்ளது. அந்த வருடம் கூரை ஒழுகியதற்கும் அதுதான் காரணமாகப் போயிருந்தது. எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். பொருள் கணக்கிலிருந்து வெட்டப்பட்டது. எனக்குக் கவனக்குறைவுக்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன் தமிழ்ப் பிரதியை, இல்லாமற்போன அந்த லினக்ஸில் நானே அடித்து, ஒப்பம் வாங்கி, என் கோவையில் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கணினி அதற்குப் பிறகும் சில வருடம் ஓடி, ஓர் இடி மின்னலில் போனது.

ஓய்வூதிய வேலையாக அண்மையில் ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். என் கோவையைப் புரட்டிய உத்தியோகத்தர் ஓரிடத்தில் நின்றார்.

“மிஸ், உங்க பொறுப்புல ஒரு கம்பியூட்டர் காணாம போயிருக்கு?”

முழுவதையும் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் அதற்குள் காரணத்தை வாசித்துவிட்டு, வருடத்தையும் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். “ஆ, அந்த நேரம்,” என்று சொல்லி முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அந்தப் பக்கத்தில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்துவதற்கு இன்னும் மூன்று முறை போகவேண்டி வந்தது.